ஒரு வருஷத்துக்கு ஒரு கண்

பிப்ரவரி 11

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் உடம்பு சுகம்தானே? இங்கே அம்மா முழு நலம். நான் பாதி நலம். வலது கண் புரை ஆபரேஷன் ஆகி நாலு வாரம் முடிந்தது. அந்தப் பக்கம் மட்டும் உலகத்தைக் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது. முதல் வேலையாகக் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இதோடு அம்மா எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று தெரியவில்லை. அவளுக்கு அரசாங்கம் ஏதாவது விருது கொடுக்கலாம்.

போனில் பேசினால் என்ன என்பாய். அம்மா போனை என்னிடம் தருவதற்குள் பேச்செல்லாம் தீர்ந்துவிடுகிறது. எனக்கு மிஞ்சுவது "சாப்பிட்டீங்களாப்பா", "சாப்பிட்டேம்மா" மட்டும்தான். அதனால்தான் மதிய இடைவேளையில் யார்டில் என் கிரேன் கேபினிலேயே உட்கார்ந்து, பழைய லோடு சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பை ரெண்டு தடவை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் கண்ணின் மேல் பழியைப் போட்டுக்கொள்.

இடது கண் விஷயம் கேள். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய், "இந்தக் கண்ணையும் முடிச்சு விட்டுடுங்க. ஜூன்ல யார்டு மெடிக்கல் இருக்கு. ரெண்டும் தெரிஞ்சாத்தான் கிரேன்ல ஏத்துவாங்க" என்றேன். இன்சூரன்ஸ் ஜன்னலில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அரசுக் காப்பீட்டுல ஒரு பாலிசி வருஷத்துக்கு ஒரு கண்ணுதான் சார். அடுத்ததுக்கு ஜனவரில வாங்க."

"அதுவரைக்கும்?"

"அதான் இன்னொரு கண்ணு இருக்குல்ல சார்."

செருப்பில் ஒன்றை இந்த வருஷமும் ஜோடியை அடுத்த வருஷமும் தருகிற கடை எங்காவது உண்டா? இந்த விதியை எழுதினவன் வீட்டு நாற்காலிக்கு எத்தனை கால் என்று போய்ப் பார்க்க வேண்டும். நீயும் அதே காப்பீட்டுத் துறை ஆபீஸில்தான் உட்கார்ந்திருக்கிறாய், தெரியும். உன்னைச் சொல்லவில்லை. நீ உன் வேலையைப் பார்.

புதுக் கண்ணோடு முதல் மேட்சும் பார்த்துவிட்டேன். நம் டீம் இருபதாவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டது. உடனே நம் கோச் மகாராஜா பத்துப் பேரையும் கோல் கம்பத்துக்கு முன்னால் கூப்பிட்டு, குரூப் போட்டோவுக்கு நிற்பது போல நிறுத்திவிட்டார். மிச்சம் எழுபது நிமிஷம் அப்படியே நின்றார்கள். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் பந்து ஒருத்தன் முதுகில் பட்டு உள்ளே போய்ச் சமன். எதையும் செய்யாமல் இருந்தால் எதுவும் நடக்காது என்று நினைக்கிற ஜாதி. அவரைக் கொண்டுபோய் உங்கள் ஆபீஸில் போட்டால் ஒரே வருஷத்தில் மேலே வந்துவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரை உற்றுப் பார்க்காதே.

ஒற்றைக்கண் அப்பா

பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ஹாஸ்டலில் தண்ணீர் மட்டும் நேரத்துக்கு வருவதில்லை. அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? "முழு நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைக் கேட்டு எழுதினீர்களா, நீங்களாகவே எழுதினீர்களா?

கோச்சைப் பற்றி எழுதியதைப் படித்தேன். உங்கள் யோசனைப்படி பதினோரு பேரும் முன்னால் ஓடினால் கோலில் யார் நிற்பது? நீங்களா? தெருவில் நாங்கள் ஆடும்போது நீங்கள் கோலி நின்ற லட்சணம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பந்து போன பிறகு அது போன திசையில் விழுவீர்கள்.

கிரேன் கேபினில் எழுதுகிறேன் என்கிறீர்கள். ஆபரேஷன் ஆகி நாலே வாரம். அதற்குள் யார் ஏறச் சொன்னது?

காப்பீட்டு விதியைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சொட்டு மருந்தை விட்டுவிடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 21

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவைக் கேட்டேன். இடுப்பு வலிக்கிறதாம். என்னைப் பார்த்தால் இன்னும் வலிக்கிறதாம். மற்றபடி நலம்.

கிரேனில் யாரும் ஏறச் சொல்லவில்லை, நானாகத்தான் ஏறினேன். அந்த நாற்காலியில் பதினேழு வருஷம் உட்கார்ந்தவன் கீழே நின்றால் வெறும் தொப்பைதான் தெரிகிறது. மேலே போனால்தான் ஆபரேட்டர். நீ கவலைப்படாதே. கீழே சைகை காட்ட நம் விசில் இருக்கிறான். வாயில் விசிலும் கையில் சிவப்புக் கையுறையுமாக நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறானே, அவன்தான். அவன் கை மேலே போனால் என் கொக்கி மேலே போகும். கை மூடினால் நிற்கும். எனக்குத் தனியாக மூளை எதற்கு என்று அம்மா கேட்பது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குப் போனேன். வழக்கமான இடம்தான். கோலுக்குப் பின்னால், வலது கோடி பெஞ்ச். நம் கோச்சின் மேதாவித்தனத்தைக் கேள். இடது விங்கில் ஆடும் தட்டான் இருக்கிறானே, டீமில் கால் என்று சொல்லிக்கொள்ள இருப்பதே அவன் ஒருத்தனுக்குத்தான். அவனை முதல் பாதி முழுக்க வெளியே உட்கார வைத்துவிட்டார். இடது பக்கம் ஆளே இல்லை, காலி மனை. நான் விடவில்லை. "யோவ் கோச்சு, தட்டானை எறக்குய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். இடைவேளைக்கு அப்புறம் அவருக்கே புத்தி வந்து தட்டானை இறக்கினார். என் கண் முன்னாலேயே வலது கைப் பக்கம் பறந்தான். ஆக, கோச்சுக்கே கோச் உன் அப்பா.

இந்த கோச்சும், ஒரு வருஷத்துக்கு ஒரு கண் என்று எழுதினவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தைக் காலியாகப் போட்டுவிட்டு, இன்னொரு பக்கம் இருக்கிறதே என்கிற படிப்பு. அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் ஒரு கண்ணைத் துணியால் கட்டி எங்கள் கிரேனின் ஏணியில் ஏற்றிவிடுவேன். நாற்பது அடி. எண்ணிக்கொண்டே ஏறட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோச்சுக்கே கோச்,
அப்பா

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தை நான் இனிமேல் உங்களிடம் கேட்கப்போவதில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மேட்சை ஹாஸ்டல் ஹாலில் டிவியில் நானும் பார்த்தேன். தட்டான் முதல் நிமிஷத்திலிருந்தே ஆடினான். முதல் பாதியில் மூன்று தடவை பந்தோடு போனான். ஒரு தடவை கம்பத்தில் அடித்தான். மைதானமே எழுந்து நின்றது. நீங்கள் அப்போதுதான் அவனை இறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எதற்காகப் பார்த்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

வலது கோடி பெஞ்சில் உட்கார்ந்தால், முதல் பாதியில் அவன் ஓடியது உங்கள் இடது கைப் பக்கம். பாதி முடிந்து டீம்கள் இடம் மாறின. அவன் வலது கைப் பக்கம் வந்தான். நீங்கள் பார்த்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது. கோச்சுக்குப் புத்தி வரவில்லை.

அப்பா, ஒரு ஆட்டக்காரனே நாற்பத்தைந்து நிமிஷம் காணாமல் போயிருக்கிறான். பன்னிரண்டு டன் பெட்டியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? யார்டு மேனேஜரிடம் சொல்லி ஜனவரி வரைக்கும் கீழே வேறு வேலை வாங்கிக்கொள்ளுங்கள். உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். நீ அம்மாவிடம் கேட்டாயாம், அவளும் சுகம் என்றுதான் சொன்னாளாம். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தட்டான் விஷயத்தில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குச் சாயங்கால வெயில் இடது பக்கமாக முகத்தில் அடித்தது. புரை விழுந்த கண்ணில் வெயில் பட்டால் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அதனால் கோச் நல்லவர் என்று ஆகிவிடாது. தட்டான் மூன்று தடவை தனியாகப் பந்தோடு போனபோது நடுவில் வாங்க ஒருத்தனாவது வந்தானா? நீயே டிவியில் பார்த்திருப்பாய்.

யார்டில் நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. விசிலுக்கு எல்லாம் தெரியும். சைகை காட்டுகிறவன் கிரேனுக்கு இடது பக்கம், தரையில் மஞ்சள் வட்டம் போட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்பது யார்டு விதி. இப்போது அவன் வலது பக்கம் நிற்கிறான். நான் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், அவனாகவே அங்கே நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் லாரிப் பாதை, கொஞ்சம் கவனமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்குக் கண் நாலு.

கீழே வேறு வேலை என்றாய். கீழே இருக்கிற வேலை ஸ்டோரில் சங்கிலியை எண்ணிக் கொடுப்பது ஒன்றுதான். போன வருஷம் வரை அதை ஒரு மரப் பலகையும் ஆணியும் செய்துகொண்டிருந்தன.

கடிதம் போடு.

அப்பா

ஜூன் 12

அன்பு மகளுக்கு,

ரெண்டு மாசமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் போல. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறாயாம். நான் பக்கத்தில் வந்தால் "வைச்சிடும்மா" என்கிறாயாம். சுகமாக இருந்தால் சரி.

நல்ல சேதி. நேற்று யார்டு மெடிக்கல் முடிந்தது. உன் அப்பா பாஸ். வாழ்க்கையில் முதல் தடவையிலேயே பாஸ் ஆன பரீட்சை இதுதான்.

எப்படி என்று கேள். யார்டு டாக்டர் ரூமில் தொங்குகிற எழுத்து அட்டை நான் சேர்ந்த நாளிலிருந்து அதே அட்டை. மூலையில் டீக்கறை. உள்ளே போவதற்கு முன்பே கடைசி மூன்று வரியையும் விசில் என்னை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டான். டாக்டர் வலது கண்ணை மூடச் சொன்னார். எதிரே சுவர்கூட இல்லை, வெறும் சுண்ணாம்புத் தண்ணீர். நான் கடகடவென்று சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்துச் சரிபார்த்தார், என்னைப் பார்க்கவேயில்லை. "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா" என்றார். "கொடுத்து வைக்கணும் டாக்டர்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டாக்டர் அப்படி, கோச் அப்படி, காப்பீடு அப்படி. காகிதம் சரியாக இருந்தால் போதும். கண் எதற்கு? ஜனவரியில் போய் அந்த ஜன்னலில் நிற்பேன். "ஒரு வருஷமா ஒத்தக் கண்ணுல அரசாங்கத்துக்குச் சேவை பண்ணிட்டேன், கொடுங்கய்யா இன்னொண்ணை" என்பேன். இந்தத் திட்டத்தை எழுதின மகானுபாவன் எதிரே வந்தால் மாலை போடுவேன், கழுத்து எங்கே இருக்கிறது என்று இடது கண்ணால் தேடி.

டீம் ஆறு மேட்சில் நாலு தோல்வி. அதை எழுத ஆரம்பித்தால் லோடு சீட்டு போதாது.

அப்பா

ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஏப்ரலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து தடவை கிழித்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு ஒரு கண் என்ற விதியை எழுதினவனை நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் தேடுகிறீர்கள். தேட வேண்டாம். அந்தக் குறிப்பை முதலில் எழுதியது நான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கண் முகாமில் ஒரே நாளில் ரெண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தார்கள். மருந்துத் தண்ணீரில் கிருமி. பதினொரு பேருக்கு ரெண்டு கண்ணும் போய்விட்டது. அவர்களிடம் வாக்குமூலம் வாங்க என்னை வீடு வீடாக அனுப்பினார்கள். ஒரு தையல்காரம்மா, "எங்க கையெழுத்து போடணும்னு விரலைப் புடிச்சு வைம்மா" என்றார். வைத்தேன். ஆபீஸுக்கு வந்து அன்றைக்கே குறிப்பு எழுதினேன். ஒரு கண் முடிந்து, ஆறி, டாக்டர் பார்த்த பிறகுதான் அடுத்தது. குறைந்தது மூன்று வாரம் இடைவெளி. மூன்று வாரம்தான் எழுதினேன் அப்பா.

அது மூன்று மேஜை ஏறிப் போனது. ஒவ்வொரு மேஜையிலும் யாரோ பாதுகாப்பை அதிகமாக்கினார்கள். செலவும் குறைகிறது பாருங்கள் என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார். திரும்பி வரும்போது "ஒரு பாலிசி ஆண்டில் ஒரு கண்" என்று இருந்தது. நல்ல பிரதி எடுக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். எடுத்தேன். "இது நான் எழுதியது இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிழை இல்லாமல் அடித்திருக்கிறாய் என்று பாராட்டினார்கள்.

நீங்கள் ஒரு தடவைகூட "உங்க ஆபீஸ்ல சொல்லிப் பாரேன்" என்று கேட்கவில்லை. கேட்டுவிடுவீர்களோ என்று ஒவ்வொரு கவரையும் பயந்துகொண்டேதான் பிரித்தேன். கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். கேட்காததால் தூக்கம் போனது.

நீங்கள் டாக்டரை ஏமாற்றிய கதையைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் மகள்

ஜூலை 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு மட்டும் அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

நீ எழுதின மூன்று வாரம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை ஒரு வருஷமாக்கின மூன்று மேஜைகளைப் பற்றி நான் எழுதினதெல்லாம் அப்படியே நிற்கட்டும். உன் மேல் விழுந்ததை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த ஏணி, நாற்பது அடி, அதையெல்லாம்.

வேறு விசேஷம் இல்லை. மழை.

அப்பா

செப்டம்பர் 3

அன்பு மகளுக்கு,

நீ சுகமா? இது நீளமான கடிதம். உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை கடைசி மேட்ச். சமன் செய்தாலே முதல் பிரிவில் தங்கிவிடலாம். நாலு கோல் வாங்கித் தோற்றோம். நாலும் கோலியின் கை மேல் பட்டு உள்ளே போன பந்து. மறுநாள் பேப்பரில் சமாசாரம் வெளிவந்தது. கோலிக்கு மூன்று வாரமாகவே மணிக்கட்டு உடைந்திருக்கிறது. உடம்பு பரிசோதனையில் அவனுடைய சிநேகிதன், மசாஜ் செய்கிறவன், அந்தக் கைக்குப் பந்து போடாமலே பாஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். கோச்சுக்குத் தெரியுமாம், தெரியாததுபோல இருந்தாராம். அடுத்த சீசன் நாம் ரெண்டாம் பிரிவு.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. ரசிகர் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக திங்கட்கிழமை மதியம் யார்டிலேயே உட்கார்ந்து ஒரு கண்டன நோட்டீஸ் எழுதினேன். என் எழுத்திலேயே நன்றாக வந்தது அதுதான். "தன்னால் முடியாது என்று தெரிந்தும் இடத்தை விடாமல் நின்றவன், கூட நிற்கிற பத்துப் பேரின் உழைப்பையும் தின்றவன். அவனுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை இல்லை, தன் சட்டையின் மேல் ஆசை. அவனுக்காகப் பொய் சொன்ன சிநேகிதனைவிட அவனே பெரிய குற்றவாளி, ஏனென்றால் பொய் சொல்ல வைத்தவன் அவன்." இப்படிப் போகிறது.

அதை விசிலுக்கு வாசித்துக் காட்டினேன். லாரி டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணே" என்றான்.

"சூடு இருக்குல்ல?"

"இருக்குண்ணே. கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க."

நீட்டி வைத்திருந்த அவன் இடது காலில் கட்டு. அதை நான் உனக்கு எழுதவில்லை. ஆகஸ்ட் மாசம் ஒரு லாரி பின்னால் வந்தது. அவன் என் கொக்கியைப் பார்த்து நின்றான், லாரியை யார் பார்ப்பது? டயர் பாதத்தின் ஓரத்தில் ஏறி இறங்கியது. ரெண்டு விரல் நசுங்கியது. வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டான். நான் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டியை மெதுவாக இறக்கினேன். அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன்.

"கையெழுத்தைப் போடுங்க" என்று அவன் குத்திக் காட்டினானா, சாதாரணமாகச் சொன்னானா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டான், ஒரு காலை இழுத்துக்கொண்டு.

நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தேன். மணி அடித்தது. ஏணிப் பக்கம் போகவில்லை, மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"எனக்கு இடது கண்ணு தெரியல சார்."

"எப்பலேர்ந்து?"

"வருஷக் கணக்கா."

"ஜூன்ல பாஸ் பண்ணியிருக்கீங்களே?"

"அட்டையை மனப்பாடம் பண்ணேன் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார், "சைகை காட்டுறவன் இத்தனை நாள் எங்க நின்னான்?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை, மகளே. பதினேழு வருஷ சர்வீஸ், யோசிக்கவே இல்லை. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஏற்கெனவே எனக்காக ஒருத்தன் போதுமான அளவு சொல்லிவிட்டான் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னேன். அவன் காலையும் சேர்த்து.

அப்பா

செப்டம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சரியாகச் செய்தீர்கள் என்று எழுதத் தோன்றுகிறது. எனக்கு அதைச் சொல்லுகிற யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை நானும் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். முதலில் மூன்று வாரம் என்றுதான் எழுதினேன், அதை ஒரு வருஷமாக மாற்றியதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கோப்பில் இல்லை, மாற்ற வேண்டும் என்று. இந்தத் தடவை அடியில் என் பெயரைப் போட்டேன். முதல் மேஜையிலேயே நிற்கிறது. "உங்க அப்பாவுக்கு ஏதோ கண்ணு பிரச்சினையாமே" என்று அங்கே இருப்பவர் சிரித்தார். எப்படித் தெரிந்ததோ. ஆமாம் என்றேன். அதனால் குறிப்பு பொய்யாகிவிடாது என்றேன். சிரிப்பதை நிறுத்தினார், கையெழுத்துப் போடவில்லை. தினமும் காலையில் போய் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கிறேன்.

உங்கள் கண்ணுக்கு இது நேரத்தில் வந்து சேராது. ஜனவரிதான்.

விசில் சித்தப்பாவை என்ன செய்தார்கள்?

உங்கள் மகள்

அக்டோபர் 19

அன்பு மகளுக்கு,

அம்மா இடுப்புக்குப் புதுத் தைலம் போடுகிறாள், வீடு முழுக்க நெடி. மற்றபடி நலம். உன் குறிப்பு ரெண்டாவது மேஜைக்கு ஏறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்த முதல் மேஜைக்காரர் உன் முகத்தைத் தினமும் பார்க்க முடியாமல்தான் தள்ளிவிட்டிருப்பார். நீ முறைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டீமுக்குப் புது கோச் வந்திருக்கிறார். ரெண்டு மேட்ச் பார்த்தேன். பழையவரே தேவலை. அவருக்காவது பயம் என்று ஒன்று இருந்தது, இவருக்கு அதுவும் இல்லை. மைதானத்துக்கு வெளியே நின்று கைதட்டுகிறார், எதிர் டீம் கோல் போட்டாலும்.

நான் இப்போது ஸ்டோரில் சங்கிலி எண்ணுகிறேன். மரப் பலகையும் ஆணியும் என்னைவிட நன்றாகச் செய்தன என்று ஸ்டோர்கீப்பர் சொல்கிறார். மேலே என் நாற்காலியில் புது ஆபரேட்டர். ரெண்டு கண்ணும் தெரிகிறது, அதில் ஒன்று எப்போதும் போனில். ஜனவரியில் கண் சரியானாலும் என்னைத் திரும்ப ஏற்றமாட்டார்களாம். மனப்பாடம் பண்ணினதற்காக. நியாயம்தான். அந்த டாக்டர் மட்டும் அதே அட்டையோடு அதே நாற்காலியில் இருக்கிறார்.

விசிலுக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்ட். தவறான இடத்தில் நின்றதற்கும், காலைப் பற்றிப் பொய் சொன்னதற்கும். நான் உண்மை பேசினதில் எனக்கு வெறும் நாற்காலி போனது, அவனுக்குச் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை. அவன் வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன். ஆள் இல்லை என்றார்கள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

இந்தத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினான். ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல், "சங்கிலி ரெண்டு" என்றான். எண்ணிக் கொடுத்தேன். செவ்வாய் அப்படியே. புதன் அப்படியே. மன்னிப்பு என்று தொண்டை வரைக்கும் வரும். அவன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவான்.

நேற்று சங்கிலியை வாங்கிக்கொண்டு ரெண்டு அடி போனவன் நின்றான். திரும்பாமலே சொன்னான்.

"அண்ணே, நீங்க பாட்டுக்கு எனக்காகத்தான் நின்னான், எனக்காகத்தான் நின்னான்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. உங்களுக்காக ஒண்ணும் நான் வலது பக்கம் நிக்கல. அந்தப் பக்கம் நிழலா இருந்துச்சு, நின்னேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பதினேழு வருஷம் மேலே உட்கார்ந்து அந்த யார்டைப் பார்த்தவன் நான், மகளே. நிழல் விழுவது இடது பக்கத்தில், மஞ்சள் வட்டத்தின் மேல்தான். வலது பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெறும் வெயில்.

அப்பா